மைனஸ் 80 ஃப்ரீசரும் நானும்: 4 வருட மல்லுக்கட்டு

ஃப்ரீசரின் கம்ப்ரசர் மாற்றி முடித்த அன்று மாலையே ஏற்காட்டிலிருந்து ஜூனியர் பெண் போனில் கேட்டாள்: "அக்கா, உங்க பொதுக் கருவிக்கூடத்துல என் பிளாஸ்மா சாம்பிளை வைக்கலாமா?" ஒரு வரியில் சொல்கிற விஷயமா அது?

சேலத்தில் நான் ஆய்வு செய்யும் உயிர்மருத்துவத் துறையின் கூடம் அது. கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஸ்லைடைக் கையில் வாங்கியதுமே, "குமிழி இருக்கும்மா, திரும்பப் போட்டுட்டு வா" என்பார். ஒரு மணி நேரக் கட்டணம் மிச்சம். பிசிஆர் மெஷினும் சரியாக ஓடுகிறது.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் சாம்பிள்களை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் அந்த ஃப்ரீசர்மேல்தான். 7 லேபுக்கும் அது ஒன்றுதான். ஏப்ரல் வெயிலில் கதவை விரியத் திறந்துவைத்து, "எங்க வச்சேன்?" என்று ராக் ராக்காக உருவிப் பார்ப்பார்கள். உள்ளே போன ஈரக்காற்று ரப்பர் விளிம்பில் பனியாய்ப் படியும். கத்தி பட்டால் ரப்பர் கிழியும் என்று மரக்கரண்டியால் சுரண்டுவது யார்? நான்தான். மூடியபின் ஒரு ட்யூப் விட்டுப்போனது ஞாபகம் வந்தால் அவ்வளவுதான். உள்ளே போன காற்று குளிர்ந்து சுருங்க, கதவு அப்படியே கவ்விக்கொள்ளும். ஒரு கையில் டிரை ஐஸ் புகையும் தெர்மோகோல் பெட்டி, மறு கை கைப்பிடியில், சில நிமிடம் சிலை மாதிரி நிற்க வேண்டும்.

கம்ப்ரசர் மாற்ற வந்த மெக்கானிக் கீழே இருந்த ஃபில்டரை உருவி, "இதென்ன மேடம், கம்பளியா?" என்றார். தூசி அடைத்துச் சூடு வெளியேறாமல் கம்ப்ரசர் திணறியிருக்கிறது. ஃபில்டர் துடைத்ததாகச் சுவரில் ஒட்டிய தாளில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. போன தீபாவளிக்கு முன்பு போட்டது.

பொய் சொல்லக் கூடாது, 4 வருடத்தில் ஒரு ட்யூப்கூட வீணாகவில்லை. பழுதான ராத்திரியும் மைனஸ் 68-லேயே அலாரம் கத்தியது. வாட்ச்மேன் அண்ணன் போன் செய்ய, விடிவதற்குள் அத்தனையையும் பக்கத்துத் துறை ஃப்ரீசருக்கு மாற்றிவிட்டோம்.

ஆனாலும் சொல்கிறேன், வைக்காதே தாயீ. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து இந்தக் கதவோடு உனக்கு என்ன மல்லு?

மீறி வந்தால், சாதா மார்க்கரில் எழுதாதே. எத்தனால் பட்டால் அழிந்துவிடும், கடுங்குளிரிலும் உரியாத க்ரையோ லேபிள் ஒட்டு. மூன்றாம் தட்டில் இடது ஓரம் என் ராக். அதில் ஒரு வரிசை காலி பண்ணி வைத்திருக்கிறேன்.