ஐபோனின் சொந்த கேமராவா, ஹேலைடின் பிராசஸ் ஜீரோவா?

ஐபோனில் எடுத்தால் முகம் மெழுகு பூசியதுபோல் வருகிறது என்று வருந்துவோருக்கு 2024-இல் ஒரு மாற்று வந்தது: ஹேலைடு என்ற ஐபோன் கேமரா செயலியின் ‘பிராசஸ் ஜீரோ’ முறை.

வேலை செய்யும் விதம்: ஐபோனின் கேமரா பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக்குகிறது, நிழலுக்கு வெளிச்சம் ஏற்றி, வானத்தை அடக்கி, படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகளைத் துடைத்துவிடுகிறது. பிராசஸ் ஜீரோ எடுப்பது ஒரே படம். செயற்கை நுண்ணறிவு அதைத் தொடுவதில்லை. ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் பாட்டியை இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். முதலாவதில் முகமும் வெளியே உள்ள மரமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் தெரியும். இரண்டாவதில் மரம் வெளுத்துப்போகலாம். ஆனால் பாதி முகம் நிழலிலேயே நிற்கும், சுருக்கங்கள் சுருக்கங்களாகவே இருக்கும். எனக்கு இதுதான் படம்.

இருட்டில்: சந்தேகமே வேண்டாம், ஐபோன் கேமராதான். மற்றதில் புள்ளிகள் மண்டிவிடும்.

செலவு: ஐபோன் கேமராவுக்குத் தனிச் செலவில்லை, ஹேலைடுக்குக் கட்டணம் உண்டு.

திருத்தம்: பிராசஸ் ஜீரோ ரா கோப்பையும் (கேமரா பதிந்த, மெருகேற்றாத மூலப் பதிவு) சேமிப்பதால், வெளிச்சத்தைப் பிறகும் மாற்றலாம்.

ஓடும் குழந்தை, இரவுத் திருவிழா என்றால் ஐபோன் கேமராவே போதும். பகல் வெளிச்சத்தில் நிதானமாக நின்று முகங்களை எடுப்பவர்கள் பிராசஸ் ஜீரோவுக்குப் பணம் கொடுக்கலாம்.