மேய்ன் கடற்கரையில் லாப்ஸ்டர் ரோல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு அமெரிக்காவின் மேய்ன் கடற்கரைக்குச் சுற்றுலா போகிறவர்கள் இதை அவசியம் படியுங்கள். ஒவ்வாமை இல்லாதவர்களும் படிக்கலாம். போகிற பணம் எல்லோருக்கும் பணம்தான்.

கோடை விடுமுறைக்கு அக்கா, மாமா, அவர்களின் ஏழு வயதுப் பையன், என் மனைவி, நான் எல்லோரும் நியூ ஜெர்சியிலிருந்து அக்கேடியா தேசியப் பூங்காவுக்குக் காரில் போனோம். லாப்ஸ்டர் ரோல் என்பது, நம் ஊர்ச் சிங்கி இறாலைப் போன்ற லாப்ஸ்டரின் சதையைப் பன்னுக்குள் வைத்துத் தருவது. நல்ல ரோல் எங்கே கிடைக்கும் என்பதுதான் வழியெல்லாம் பேச்சு. மேய்ன் மாநிலத்தின் தென்முனையில் கடலை ஒட்டிய ஒரு சுற்றுலா ஊரில், நீளமான வரிசை நின்ற ஒரு கடையில் நாங்களும் போய் நின்றோம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

லாப்ஸ்டர் ரோலை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். மேய்ன் பாணியில் வேகவைத்து ஆறவைத்த சதையில் கொஞ்சம் மயோனைஸ் பிசறி வைப்பார்கள். கனெடிகட் பாணியில் வெதுவெதுப்பான சதை மேல் உருக்கிய வெண்ணெய் ஊற்றுவார்கள். மயோனைஸ் என்றாலே முட்டை. அதனால் பையனுக்காக எல்லோருக்கும் வெண்ணெய் ரோலே சொன்னோம். அவனுக்கு முட்டை கூடாது என்பதை அக்கா கவுன்டரில் தெளிவாகச் சொன்னாள். பன்னில் முட்டை உண்டா என்று கேட்டு, பன் பாக்கெட்டை வாங்கிப் படித்தும் பார்த்தாள். "வெண்ணெயும் லாப்ஸ்டரும்தான், வேறொன்றும் இல்லை" என்றார் அங்கிருந்தவர்.

பலகையில் விலை இல்லை, 'சந்தை விலை' என்று மட்டும் எழுதியிருந்தது. பில் வந்தபோது ஒரு ரோல் 44 டாலர். ஐந்து ரோலுக்கு 220 டாலர், அதன் மேல் மாநில உணவு வரி 8 சதவீதம், சேவைக் கட்டணம் 18 சதவீதம். மொத்தம் 277 டாலர் 20 சென்ட். சேவைக் கட்டணம் எடுத்துக்கொண்ட பிறகும் திரையில் டிப்ஸ் எவ்வளவு என்று தனியாகக் கேட்டது. அவசரத்தில் இருபது சதவீதத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேரோ!

மேசையில் உட்கார்ந்ததும் பையனின் பன்னை அக்கா பிரித்துப் பார்த்தாள். அவன் சாப்பிடுகிற எதையும் அவள் அப்படித்தான் பிரித்துப் பார்ப்பாள். மேலே இரண்டு மூன்று நல்ல துண்டுகள். அதற்குக் கீழே கீரை, பொடியாக நறுக்கிய செலரி, அதோடு ஓரத்தில் மட்டும் சிவப்புச் சாயம் ஏறிய வெள்ளைக் கீற்றுகள். நார் நாராக, எல்லாம் ஒரே கனத்தில் இருந்தன.

"டேய், இது லாப்ஸ்டர் இல்லடா. நண்டு ஸ்டிக்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அது சுரிமி. பெரும்பாலும் பொல்லாக் என்ற மீனை அரைத்து, மாவுச்சத்து சேர்த்து, பலவற்றில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்வது. கவுன்டரில் போய்க் கேட்டோம். முதலில் மறுத்தார்கள். அக்கா விடவில்லை. உள்ளே போய்ப் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். பொல்லாக், கோதுமை மாவுச்சத்து, முட்டை வெள்ளைக்கரு என்று அச்சடித்திருந்தது. பையன் ஒரு கடி கடித்திருந்தால் கடும் ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் எபிநெஃப்ரின் ஊசியைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருப்போம். அக்காவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மெனுவின் அடியில் 'கடலுணவுக் கலவை' என்று போட்டிருக்கிறோமே" என்றார் மேலாளர். போட்டிருந்தார்கள்தான், எறும்பு அளவு எழுத்தில். மாமா, "பணம் போனா போகுது, வா கிளம்புவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பில்லையும், பிரித்த பன்னின் படத்தையும், அந்தப் பாக்கெட்டின் படத்தையும் நான் விடாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் வடக்கே போகும்போது, மீனவர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற ஒரு படகுத்துறையில் நிறுத்தினோம். உயிரோடு இருக்கும் லாப்ஸ்டரை நம் கண் முன்னே தராசில் வைத்து, பவுண்டு கணக்கில் விலை சொல்லி, அங்கேயே வேகவைத்துத் தருகிறார்கள். அங்கே எடைபோட்ட அம்மா பொறுமையாக எல்லாம் சொன்னார். ஒன்றேகால் பவுண்டு லாப்ஸ்டரில் சதை ஏறக்குறைய கால் பவுண்டுதான் தேறும், அதாவது 113 கிராம். கோடையில் ஓடு மாற்றிய மெல்லோட்டு லாப்ஸ்டர் என்றால் இன்னும் குறையும், ஆனால் சதை இனிப்பாக இருக்கும். ஒரு நல்ல ரோலில் ஒரு முழு லாப்ஸ்டரின் சதை இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. அதனால் விலை கூடுதலாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. குறை, லாப்ஸ்டர் விலைக்கு மீன் விழுதை விற்றதில்தான்.

கொடுக்குச் சதையை வைத்துத்தான் சுலபமாக அடையாளம் காணலாம். நம் ஊர்ச் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. மேய்ன் லாப்ஸ்டருக்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. உண்மையான ரோலில் அந்தக் கொடுக்கின் வடிவம் குலையாத துண்டு ஒன்றாவது கண்ணில் படும். வால் சதை கெட்டியாக, வளைவாக இருக்கும். கொடுக்குக்கும் உடலுக்கும் இடையே உள்ள கணுச் சதை சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும், ருசி அதில்தான் அதிகம் என்பேன். எல்லாம் ஒரே மாதிரிக் கீற்றாகத் தெரிந்தால் சாப்பிடாதீர்கள். இன்னொன்று, லாங்கோஸ்டினோ என்று எழுதியிருந்தால் அது வேறு வகைச் சின்ன உயிரி, மேய்ன் லாப்ஸ்டர் இல்லை.

வாங்குவதற்கு முன்னால் மூன்றே கேள்வி போதும். இன்றைக்கு விலை எவ்வளவு? சதை எத்தனை அவுன்ஸ்? சதையில் லாப்ஸ்டரைத் தவிர வேறென்ன கலந்திருக்கிறது? பதிலில் மழுப்பினால் வரிசையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் பன் பாக்கெட்டை மட்டும் இல்லாமல் சதை வந்த பாக்கெட்டையும் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பாக்கெட் உணவின் மேல் முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களை எழுதியே ஆக வேண்டும் என்று 2004இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. கடையில் அப்போதே செய்து தட்டில் வைத்துத் தருவதை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை.

உணவகங்களுக்கு உரிமம் தரும் மேய்ன் மாநிலச் சுகாதாரப் பிரிவுக்கும், அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் படங்களோடு எழுதியிருக்கிறேன். கடன் அட்டை நிறுவனத்திடமும் அந்த 277 டாலருக்கு ஆட்சேபம் தெரிவித்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. அந்தப் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் படத்தையும் தூக்கிப் போட்டுவிடாமல் நீங்களும் ஒரு புகார் எழுதுங்கள்.