40 டன் கார்பன் என்றார்கள், வந்தது கண்ணாடி இழை: ராடு கட்டும் கிட் வாங்குவோர் கவனிக்கவும்

சொந்தமாகத் தூண்டில் ராடு கட்டுபவர்களும், கட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் பிளாங்கில், அதாவது ராடின் வெறும் தண்டில், ஒரு சொட்டு பிசின் படுவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். "முழு கிட்" என்று ஆன்லைனில் விற்கும் ஒரு விற்பனையாளரிடம் நாங்கள் நான்கு பேர் ஆளுக்கொன்று வாங்கினோம். ஒன்றின் விலை 9,800 ரூபாய். 7 அடி, இரண்டு துண்டு, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 10 முதல் 40 கிராம் வரை லூர் (செயற்கை இரை) வீசலாம், முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும் ஏற்றது என்று விவரம் போட்டிருந்தது. 40 டன் கார்பன் பிளாங்க், சிலிக்கான் கார்பைடு வளையத்துடன் டைட்டானியம் கைடு (தூண்டில் நூல் ஓடும் வளையச் சட்டம்) ஏழு, நுனியில் மாட்டும் கைடான டிப் டாப் ஒன்று, ரீலைப் பொருத்தும் 18 அளவு ரீல் சீட், ஈ.வி.ஏ. நுரைப் பிடி, கைடுகளைக் கட்டும் நூல், அந்த நூல்கட்டின் மேல் பூச 30 மி.லி. புட்டிகள் இரண்டில் ஃபினிஷ் எபாக்ஸி. நான்கு பெட்டியிலும் சொன்னபடி இருந்தவை நூலும் ஈ.வி.ஏ. பிடியும் மட்டுமே.

இந்த ஏமாற்று வேலை முழுக்க ஒரே ஒரு நிபந்தனையை நம்பித்தான் நடக்கிறது: பிசின் பட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். ராடு கட்டுவதில் குறை தெரிவதோ எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகுதான். அதனால் சோதனை எல்லாம் ஒட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். எங்களில் மூவர் அப்படிச் செய்தோம். ஒருவர் கட்டி முடித்துவிட்டார்.

முதலில் பிளாங்க். அதன்மேல் "டி1000 40டி" என்று அச்சிட்டிருந்தது. அந்த ஒரு வரியே பொய் என்பதற்குச் சான்று. டன் என்று சொல்வது இழையின் விறைப்பை. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை டன் விசை என்ற கணக்கு. 24 டன் என்றால் ஏறத்தாழ 235 கிகாபாஸ்கல், 40 டன் என்றால் 390-ஐ ஒட்டி வரும். டி700, டி800, டி1000 என்பவையோ ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள், முக்கியமாக இழுவை வலிமையைக் குறிப்பவை. டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல். டி800, டி1000 இரண்டும் 294 அளவில், அதாவது 30 டன். 40 டன்னுக்கு அருகில் வருவது எம்40ஜே போன்ற வேறு வரிசை, அதன் அளவு 377. ஆகவே ஒரே இழை டி1000 ஆகவும் 40 டன்னாகவும் இருக்க வழியில்லை. இந்த இரண்டையும் ஒட்டவைத்து எழுதியிருக்கும் பிளாங்கைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

எடையும் காட்டிக்கொடுத்தது. விவரத்தில் 62 கிராம். தராசில் 112 கிராம். கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த பொருளின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராமை ஒட்டியது, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்ததுடையது 2 கிராமை ஒட்டியது. ஆனால் எடையை மட்டும் காட்டினால் "சுவர் தடிமன் கூட" என்று பதில் வரும், வந்தது. அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். அடிப்பக்கம் வெட்டிய முனையை 400 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, இரண்டு ஊசிகளையும் சுவரின் வெட்டுமுகத்தில் அருகருகே அழுத்துங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், ஏதாவது ஓர் அளவு காட்டும். கண்ணாடி இழை எதுவும் காட்டாது, கறுப்புச் சாயம் கலந்திருந்தாலும். எங்கள் பிளாங்குகளில் வெளித்தோலில் மட்டும் மீட்டர் அசைந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வெளியே மெல்லிய கறுப்பு வட்டம், உள்ளே பச்சை கலந்த சாம்பல் நிறம். கண்ணாடி இழைமேல் ஒரு சுற்று கார்பன் போர்த்தியிருக்கிறார்கள். (கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போடுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதை மின்கம்பி அருகே ராடு வீசும்போதும் நினைவில் வையுங்கள்.)

கண்ணாடி இழை தரம் குறைந்த பொருள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படகில் கனத்த மீனுடன் மல்லுக்கட்ட நல்ல கண்ணாடி இழை ராடு இன்றும் நம்பகமானது. கார்பன் விலைக்கு அதை விற்றதுதான் குற்றம்.

அடுத்தது பலம். "மீடியம் ஹெவி" என்பதற்குப் பொது அளவு கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. அதனால் அமெரிக்காவில் வில்லியம் ஹன்னெமன் வகுத்த காமன் சென்ட்ஸ் முறை நமக்கு உதவும். பிளாங்கின் அடியை மேசையில் படுக்கை மட்டமாக இறுக்கி, நுனி தன் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கும் வரை எடை ஏற்ற வேண்டும். 7 அடிக்கு அது 71 செ.மீ. அவர் ஒரு சென்ட் நாணயங்களைப் போட்டு எண்ணினார், ஒன்று 2.5 கிராம். நாம் பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றி, பிறகு சமையல் தராசில் நிறுத்தால் போதும். எங்கள் நான்கு பிளாங்கும் ஒரே பெயர், ஒரே லேபிள். ஏற்ற வேண்டியிருந்த எடை 410 கிராமில் தொடங்கி 655 கிராம் வரை போனது. குறைந்ததைவிட அதிகமானது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரே அச்சில், ஒரே வெட்டில் செய்த பொருள் இப்படி வராது. ஒதுக்கித் தள்ளிய சரக்கைக் கலந்து ஒரே லேபிள் ஒட்டியிருக்கிறார்கள் என்பதே எங்கள் முடிவு.

இணைப்பையும் பாருங்கள். மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஏறி உட்காரும் வகையில், முழுக்க இறுக்கிய பிறகும் அரை செ.மீ. அளவு ஏறுவதற்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும். தேயத் தேய உள்ளே போக அந்த இடம் தேவை. இதில் மேல்துண்டு முதல் நாளே முட்டி நின்றது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நீளம் 3 செ.மீ., அந்த இடத்தில் விட்டம் 8 மி.மீ. விட்டத்தைப்போல் ஏழெட்டு மடங்காவது ஏற வேண்டிய இடத்தில் நான்கு மடங்குகூட இல்லை. வீசும்போது மேல்துண்டு பறக்கும், அல்லது வாய் பிளக்கும்.

டிப் டாப் குழாய் 5 அளவு. குழாயின் உள்விட்டத்தை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காக எண்ணும் கணக்கு இது, ஆகவே 1.98 மி.மீ. பிளாங்கின் நுனியோ 2.4 மி.மீ. "நுனியைத் தேய்த்து நுழையுங்கள்" என்று விற்பனையாளர் எழுதினார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வளையும்போது அதிகமாகச் சுமை தாங்குவது வெளிப்புற இழைகள். அவற்றைத் தேய்த்து எடுத்தால் டிப் டாப்பின் விளிம்பில்தான் முறியும். சரியான அளவுக் குழாய் வாங்கி, சூட்டில் உருகும் பசைக் குச்சியால் ஒட்டுங்கள். பின்னாளில் வளையம் உடைந்தால் லேசாகச் சூடு காட்டிக் கழற்றலாம். சூப்பர் குளூ போட்டால் கழற்றும்போது நுனியும் சேர்ந்து வரும்.

கைடுகளில், கைடு தயாரிக்கும் ஜப்பானின் ஃபுஜி நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தது. அந்த நிறுவனத்துக்கும் இந்தச் சரக்குக்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, துருப்பிடிக்காத எஃகு 8-ஐ ஒட்டியது. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் நகைத் தராசு இருந்தால், அதே மாதிரி அதே அளவுக் கைடின் அசல் எடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். காந்தத்தை நம்ப வேண்டாம்; பல எஃகு வகைகளிலும் காந்தம் ஒட்டாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்புப் போட்டு ஒரே ஒரு கைடை மூன்று நாள் ஊறவைத்தோம். பிளாங்கோடு கட்டும் காலும் சட்டமும் சேரும் இடத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிட்டது. டைட்டானியம் உப்புநீரில் இப்படி ஆகாது.

வளையத்தை விரலால் அழுத்தியபோது ஏழில் இரண்டு சட்டத்திலிருந்து கழன்றன. மற்றவற்றில் காதுகுடையும் பஞ்சுக் குச்சியை வளையத்தின் உட்புறம் சுற்றிவரச் செய்தால் இரண்டில் பஞ்சு இழுத்தது. பஞ்சை இழுக்கும் விரிசல் பிரெய்டு எனும் பின்னல் தூண்டில் நூலை அறுக்கும், அதுவும் பெரிய மீன் இழுக்கும் நேரத்தில். அதைவிட ஆபத்து கைடு காலின் அடியில் இருந்த பிசிறு. நல்ல கைடானாலும் காலின் நுனியை மேற்புறமாக அரத்தால் சரித்துக்கொள்வோம், நூல் படியேறுவதற்காக. அடிப்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். பிசிறோடு கட்டிவிட்டால் ராடு வளையும் ஒவ்வொரு முறையும் அது பிளாங்கைக் கீறும். ஒருநாள் அந்த இடத்தில் டப்பென்று முறியும். முறிந்ததும் "நீங்கள் ராடை அதிகம் நிமிர்த்திப் பிடித்தீர்கள்" என்பார்கள்.

ரீல் சீட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: மரை ஆடுகிறது, ரீலின் கால் முழுக்க இறுக்கிய பிறகும் அசைகிறது. பிளாங்க் அந்த இடத்தில் 12.5 மி.மீ., சீட்டின் உள்விட்டம் 18. சுற்றிலும் 2.75 மி.மீ. இடைவெளி. மாஸ்கிங் டேப்பைச் சுற்றி நிரப்பச் சொன்னார்கள். டேப் போடுவதானால் அரை அங்குல அகலத்தில் மூன்று வளையம், நடுவில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளி முழுவதும் கெட்டியான எபாக்ஸி நிரம்ப வேண்டும். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு டேப்பைவிட இடைவெளியை நிரப்பும் நுரை உருளையான ஆர்பரே சரி. ஐந்து நிமிட எபாக்ஸியை இங்கே தொடாதீர்கள். ஈரம் குடித்து இளகும்.

அதிகச் சேதம் செய்தது ஃபினிஷ்தான். லேபிள் இல்லாத இரண்டு புட்டி, "சமபங்கு கலக்கவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு. கட்டி முடித்தவர் முறைப்படிதான் செய்தார்: தனித்தனி ஊசிக்குழாயில் 3 மி.லி., 3 மி.லி., நான்கு நிமிடக் கலக்கல், அலுமினியத் தாளில் ஊற்றிக் குமிழ் அடங்கவிட்டு, நிமிடத்துக்கு 9 சுற்று மோட்டாரில் ராடைச் சுழலவிட்டுப் பூசினார். 24 மணி நேரத்தில் விரல் ஒட்டியது, 72 மணி நேரத்திலும் ஒட்டியது. சென்னை ஈரப்பதம் என்றார்கள். ஈரப்பதம் மேலே எண்ணெய்ப் படலம் போல் மங்கலை உண்டாக்கும். உள்ளே முழுக்கக் கோந்தாக வைக்காது. மீதி மூன்று பேரும் ஏ.சி. அறையில் குப்பிமூடியில் வெவ்வேறு விகிதத்தில் கலந்து பார்த்தோம். ரெசினும் ஹார்ட்னரும் (கெட்டியாக்கி) 1:1 என்றால் கோந்து. 2:1 மறுநாள் நகம் பதியாத அளவு கெட்டி. கைவினைப் பொருளுக்கும் மேசைப் பலகைக்கும் ஊற்றும் 2:1 ரெசினைச் சிறு புட்டியில் மாற்றி ராடு ஃபினிஷ் என்று விற்றிருக்கிறார்கள்.

எபாக்ஸியில் ரெசினும் ஹார்ட்னரும் குறிப்பிட்ட கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியாகும். கூடுதலாகப் போன ஹார்ட்னர் இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கி ஒட்டும். பாலியெஸ்டர் ரெசின் போலச் சில துளி கூட்டி வேகப்படுத்தும் விஷயம் இல்லை இது. சரியான விகிதம் தெரிந்தாலும் அந்த ரெசினை ராடில் பூசக் கூடாது. வளைந்து கொடுப்பதற்காகச் செய்ததல்ல அது. கைடு காலின் முனையில் வெடிக்கும், வெடிப்பில் உப்புநீர் இறங்கும்.

திரும்பப் பணம் கேட்கையில் எங்களுக்கு உதவியவை: பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்த வெட்டாத வீடியோ, தராசும் மீட்டரும் தெரியும் படங்கள், பொருள் விவரப் பக்கத்தை வாங்கிய அன்றே எடுத்து வைத்த படம். புகார் கொடுத்த மறுநாள் அந்தப் பக்கத்தில் "40 டன்" காணாமல் போனது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கட்டாத மூன்று கிட்டுக்கும் பணம் வந்தது. கட்டிய நான்காவதுக்கு வரவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. இதே ஃபினிஷைப் பூசி ஒட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு: மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மூடாதீர்கள், அடியில் கோந்து கோந்தாகவே இருக்கும். ஹேர் டிரையரால் கைபொறுக்கும் சூடு மட்டும் காட்டுங்கள். ஹீட் கன் பிளாங்கின் பிசினையே கெடுக்கும். கைடு காலின் முதுகில், அடியில் உலோகம் இருக்கும் இடத்தில் மட்டும் பிளேடு வைத்து நூலை நீளவாக்கில் அறுத்து உரியுங்கள், பிளாங்கின் மேல் பிளேடு படவே கூடாது. மிச்சத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஒருநாள் உலரவிட்டு, கைடு இருந்த இடங்களில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தப் பிளாங்கில் மறுபடி நூல் சுற்ற வேண்டாம்.