டாக்டரிடம் பேச மகளா, மொழிபெயர்ப்பாளரா?

லண்டனில் ஆங்கிலம் அதிகம் தெரியாத தமிழ் அம்மாக்கள் டாக்டரிடம் போனால், பேசுவதற்கு மகளோ மகனோ கூடப் போவது வழக்கம். வசதிதான். பழைய நோயெல்லாம் பிள்ளைக்குத் தெரியும், பயமும் குறையும். காய்ச்சல், இருமலுக்கு அது போதும்.

ஆனால் மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தம் படுகிறது என்பதை மகன் முன்னால் எந்த அம்மா வாய்விட்டுச் சொல்வார்? "ஒன்றுமில்லை, களைப்புதான்" என்று முடித்துவிடுவார். டாக்டரின் குறிப்பிலும் களைப்பு என்றே ஏறும். புற்றுநோய்ச் செய்தியைப் பாசத்தால் பாதி மறைத்துச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் மொழிபெயர்ப்பாளருக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. பல நேரம் தொலைபேசியில்தான் வருவார். முகம் தெரியாதது முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி சொல்வார், இரகசியம் காப்பார். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேளுங்கள்: பெண்ணாக இருக்க வேண்டும், இலங்கைத் தமிழ் புரிய வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது, அதனால் கேட்கத் தயங்க வேண்டாம்.

நான் மொழிபெயர்ப்பாளர் பக்கம்தான். மகளும் வரட்டும், பக்கத்தில் உட்காரட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையை மட்டும் இந்த வேலைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.