ஸ்கவுட்டரும் தராசும்: ஃபேன்டசி மாங்காவுக்கு எண்கள் தேவையா?

ஃபேன்டசி மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) படிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. நாயகன் முன்னால் ‘லெவல் 12, பலம் 340’ என்று வீடியோ கேமில் வருவது மாதிரி ஒரு ஸ்டேட்டஸ் விண்டோ திறந்தால் ஒரு கட்சிக்குக் குஷி. இன்னொரு கட்சி அங்கேயே புத்தகத்தை மூடிவிடும். நான் பெரும்பாலும் இரண்டாவது கட்சிதான். ஆனாலும் எண்களே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. காரணம், தொரியாமா வரைந்த டிராகன் பால் மாங்கா.

அதில் வில்லன் ராடிட்ஸ் பூமியில் வந்து இறங்கியதும் துப்பாக்கியோடு ஒரு விவசாயி எதிரே நிற்கிறார். ராடிட்ஸின் கண்ணில் மாட்டியிருக்கும், எதிராளியின் பலத்தை அளக்கும் ஸ்கவுட்டர் ‘5’ என்று காட்டுகிறது. வெறும் குப்பை என்று உதறிவிடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து நாயகன் கோகூ கமேஹமேஹா என்ற சக்தி வீச்சுக்குச் சக்தியைத் திரட்டும்போது அதே கருவியில் எண் 924க்குத் தாவுகிறது. ராடிட்ஸுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. கருவி சொன்னதை அவன் வேதவாக்காக நம்பியவன். கோகூ மாதிரி ஆட்களுக்கோ சக்தியை ஒரு புள்ளியில் குவிக்கத் தெரியும். எண் அங்கே ஆசிரியர் சொல்லும் தீர்ப்பு அல்ல, வில்லன் போட்ட தப்புக் கணக்கு. அதனால்தான் அது வேலை செய்கிறது.

இதே உத்தி பிறகு வீங்கிப்போனது. பின்னால் வரும் வில்லன் ஃப்ரீஸா தன் பலம் 5,30,000 என்று அலட்டாமல் சொல்லும் இடம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அவன் எடுக்கும் அடுத்த உருவமே பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கு மேல் எந்த எண்ணைச் சொன்னாலும் யாரும் அசரப்போவதில்லை. தொரியாமாவும் அதற்கப்புறம் எண்களைக் கிட்டத்தட்ட விட்டேவிட்டார்.

எதிர்ப்பக்கத்தில் 2020-ல் தொடங்கிய ஃப்ரீரன் என்ற மாங்கா நிற்கிறது. யமாடா கனெஹிதோ எழுத, அபே ட்சுகாசா வரைவது. (கதை முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) இதில் லெவலும் கிடையாது, விண்டோவும் கிடையாது. ஆனால் அவுரா என்ற அரக்கி கையில் ஒரு தராசு வைத்திருக்கிறாள். தன் ஆன்மாவையும் எதிரியின் ஆன்மாவையும் அதில் ஏற்றுவாள். யாருக்கு மந்திர சக்தி அதிகமோ அவர் சொன்னபடி மற்றவர் ஆட வேண்டும். ஐந்நூறு வருடம் சேர்த்த சக்தி என்ற தெம்பு அவளுக்கு. நாயகி ஃப்ரீரனோ ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்தவள், குரு ஃப்ளாம்மே சொன்னபடி காலமெல்லாம் தன் சக்தியைக் குறைத்தே காட்டி வந்தவள். தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது. யோசித்துப் பார்த்தால் இது ராடிட்ஸ் மாட்டிக்கொண்ட அதே பொறிதான். ஆனால் எனக்கு இதுதான் ஒரு படி மேலே தெரிகிறது. அரக்கர் கூட்டத்தில் சக்தியை வைத்துத்தான் மரியாதை. அதைப் போய் ஒருவர் ஒளிப்பார் என்பது அவுராவின் கற்பனைக்கே எட்டாது. அவளைத் தோற்கடித்ததே அவள் குலத்தின் பெருமிதம்தான். அந்த இடத்தில் எண்ணை எழுதியிருந்தால் நாம் கூட்டல் கழித்தலில் இறங்கியிருப்போம்.

அப்படியென்றால் விண்டோ கதைகள் எல்லாமே மட்டமா? இல்லை. சிலந்தியாக மறுபிறவி எடுக்கும் பெண்ணின் கதையில், அவள் ஆசை ஆசையாக ‘மதிப்பீடு’ என்ற ஸ்கில்லை வாங்குவாள். லெவல் 1 என்பதால் கல்லைப் பார்த்தால் ‘கல்’, சுவரைப் பார்த்தால் ‘சுவர்’ என்று மட்டும் வரும். விண்டோ உதவாக்கரையாக இருக்கும்வரை கதை அபாரம். அது எல்லாம் தெரிந்ததாக ஆன பிறகு பக்கம் பக்கமாகப் பட்டியல். வெப் நாவலில் அந்தப் பட்டியலைக் கண்ணால் தாவிவிடலாம். மாங்காவில் அது ஒரு பேனலை விழுங்குகிறது, அந்த இடத்தில் வர வேண்டிய முகமோ அடியோ காணாமல் போகிறது. கொரிய வெப்டூன்களுக்கு (இணையத்தில் வரும் காமிக்ஸ்) இந்தத் தொல்லை குறைவு. கீழே கீழே இழுத்துப் படிப்பதால் விண்டோவுக்கென்று காலி இடம் கிடைக்கிறது. தவிர, சோலோ லெவலிங் என்ற வெப்டூனில் தினமும் 100 தண்டால், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று கேம் மாதிரி ஒரு சிஸ்டம் நாயகனிடம் வேலை வாங்குகிறது, தவறினால் தண்டனை. எண்ணுக்கு உடம்பு விலை கொடுக்கும்போது நானும் படிக்கத் தயார். நாயகன் எதிரிகளை ஊதித் தள்ளத் தொடங்கிய பிறகு விண்டோவை யார் படிக்கிறார்கள்?

கடைசியாக, டன்ஜன் மெஷி என்ற மாங்காவில் உயிருள்ள கவசம் வரும் அத்தியாயத்தைப் பாருங்கள். கேம்களில் அது தற்காப்பு எண்ணோடு வரும் சாதாரண எதிரி. ஆசிரியர் குய் ரியோகோ அதை நாயகன் லாயோஸ் கையில் கொடுக்கிறார். அவன் சண்டைக்கு நடுவிலேயே அது எப்படி அசைகிறது என்று நோட்டம் விட்டு, கவசத்துக்குள் கிளிஞ்சல் மாதிரி மெல்லுடலிகள் கூட்டமாகக் குடியிருப்பதைக் கண்டுபிடிக்கிறான். அப்புறம் சமைத்தும் சாப்பிடுகிறார்கள்! கேம் போட்ட விதியை எண்ணாகக் காட்டாமல் உயிரியலாக மாற்றிவிட்டார். எந்தக் கட்சிக்காரரானாலும் முதலில் இதைப் படியுங்கள். 14 பாகம்தான், கதையும் முடிந்துவிட்டது.