ஒளு வஸ்வாஸுக்கு ஹஜ்ரத்தா, கவுன்சிலரா, இருவருமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் ஒருவர், சரியாகக் கழுவினோமா என்று விடாமல் துரத்தும் சந்தேகத்தால் (வஸ்வாஸ்), தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆக்கினால், வீட்டார் முதலில் போவது இஸ்லாமிய மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம்தான். ஓதி ஊதுவார், ஓதிய தண்ணீர் தருவார். ஊர் பேசாது, செலவும் குறைவு, மனசுக்குத் தெம்பும் கிடைக்கும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் நோய் முற்றும். தாயத்தும் பலிக்காதபோது அடுத்த பேச்சு, மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் ஏர்வாடி தர்கா. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது.

மார்க்கத்தைத் தொடாத கவுன்சிலிங்கில் முறை சரிதான். பயத்தை எதிர்கொள்ள வைத்து, திரும்பக் கழுவாமல் இருக்கப் பழக்குவார்கள். வஸ்வாஸுக்கு நன்றாக வேலை செய்யும் பயிற்சி அது. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. "கழுவாமலே தொழுங்க" என்று காரணம் சொல்லாமல் சொன்னால், வந்தவர் காதில் அது பாவம் செய்யச் சொன்னதாக விழும். அடுத்த முறை வரமாட்டார்.

இரண்டையும் சேர்ப்பதே வஸ்வாஸுக்குச் சிறந்தது என்பது எங்கள் முடிவு. முதல் நாளே கவுன்சிலர் "மார்க்கத்தைப் பத்தியும் இதுல பேசலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சம்மதித்தால், எத்தனை நிமிடம், எத்தனை குவளை, எந்த உறுப்பில் சிக்குகிறார் என்று ஒரு வாரம் குறிக்கச் சொல்லலாம். பிறகு ஹஜ்ரத்திடம் ஒளுவின் மார்க்கச் சட்டம் கேட்பது. ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை. ஒளு எடுத்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் ஒளு நிற்கும். நபியவர்கள் ஒரு 'முத்' (பழைய அரபு அளவு, ஏறக்குறைய முக்கால் லிட்டர்) தண்ணீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் உண்டு. அதனால் குழாயை மூடிவிட்டு, ஒரு லிட்டர் குவளையில் தொடங்கி, வாராவாரம் அளவைக் குறைக்கலாம். குவளை காலியானதும் நேரே தொழுகைக்கு. பதற்றம் ஏறும், திரும்பப் போகாமல் நின்றால் தானாக இறங்கும்.

இந்த வழி கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில். தினமும் ஹஜ்ரத்துக்கு போன் போட்டு "இது கூடுமா?" என்று கேட்பது. அந்தக் கேள்வியே புதிய வஸ்வாஸ். பதில் ஒரே முறைதான், அதுவும் எழுத்தில். வீட்டாரும் "சரியாத்தான் எடுத்தீங்க" என்று ஆறுதல் சொல்லக் கூடாது.

கவுன்சிலர் தானே சட்டம் சொல்லவும் கூடாது. மனைவியின் கை பட்டால் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு) ஒளு முறியும், ஹனஃபியில் முறியாது. தெரியாமல் ஒன்றைச் சொன்னால் சந்தேகம் இரட்டிப்பாகும்.

மனநல சிகிச்சையே நமக்கு அந்நியம் என்று தயங்குவோருக்கு ஒரு தகவல். 9ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கி உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் எழுதியவர்.

காதில் குரல் கேட்கிறது, பல நாள் தூக்கமில்லை, சாகும் பேச்சு வருகிறது என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். உடனே மனநல மருத்துவர். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம். மனநோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது. நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும்.

சின்ன ஊர் என்பதால் ரகசியம் முக்கியம். வந்தவர் விரும்பாதவரை, சொந்த ஜமாஅத் ஹஜ்ரத்திடம் கவுன்சிலர் பேசக் கூடாது. அதே மத்ஹபைச் சேர்ந்த வெளியூர் ஹஜ்ரத்திடம் பெயர் சொல்லாமல் கேட்டால் போதும்.