மோட்டவுன் சார்ட்பஸ்டர்ஸ் 3: பழைய தட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

ஆட வைக்கும் சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை வகை) பாட்டுகளைப் பழைய எல்பியில், அதாவது பெரிய இசைத்தட்டில், சேர்க்க நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டியது 'மோட்டவுன் சார்ட்பஸ்டர்ஸ் 3'-ஐத்தான். அமெரிக்க மோட்டவுன் நிறுவனத்தின் பாட்டுகளை வெளியிட்டுவந்த டாம்லா மோட்டவுன் 1969-ல் பிரிட்டனில் வெளியிட்ட தொகுப்பு. மார்வின் கே, ஸ்டீவி வொண்டர், மார்த்தா ரீவ்ஸ் என்று 16 பாட்டு. முள்ளைத் தூக்கித் தாண்டிப் போக ஒரு பாட்டுகூடக் கிடையாது. 1970-ல் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்ததால் பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. தேயாத பிரதிக்குத்தான் பஞ்சம்.

வெள்ளி உறையின் பளபளப்பை நம்ப வேண்டாம். விருந்துகளில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டு இது. அன்றைய மலிவு பிளேயர்களின் முள் இன்றைய 1.5–2 கிராமைவிடப் பல மடங்கு அழுத்தி உட்கார்ந்தது. ஒற்றை விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். கருப்பு மினுமினுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் அது தேய்மானம். எவ்வளவு கழுவினாலும் போகாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் மண்டியிருந்தால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் சத்தம் போடாது. தட்டுப்படும் குறுக்குக் கீறல் 1.8 நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்னும்.

போட்டுக் கேட்க முடிந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். பக்கத்துக்கு 8 பாட்டு என்பதால் கடைசிப் பாட்டு லேபிளை ஒட்டி வந்துவிடுகிறது. அங்கே சுற்று சிறியது. ஒரே நொடி ஒலி குறைந்த நீளத்துக்குள் நெருக்கப்படுகிறது. தேய்ந்திருந்தால் 'ஸ' ஒலி சீறும், டிரம்பெட் கிழியும். இந்தத் தொகுப்பின் உண்மையான குறையே இந்த நெருக்கம்தான். பக்கத்துக்கு ஒரே பாட்டு கொண்ட சின்ன 45 தட்டின் முரட்டு அடியை இதில் எதிர்பார்க்க முடியாது. நீள்வட்ட முனை கொண்ட முள் ஓரளவு காப்பாற்றும்.

வெறும் அழுக்கென்றால் கவலையில்லை. முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் தட்டின் வட்ட வரிகளின் போக்கிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்த்தாலும் லேபிளை நனைத்தாலும் கெட்டது. நன்றாகக் காய்ந்ததும் புது உள்ளுறையில் போடுங்கள். பழைய காகித உறை, கழுவிய தூசியைத் திரும்பக் கொடுத்துவிடும்.

அடுத்ததாக வாங்க வேண்டியது 1982-ல் கென்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஃபார் டான்சர்ஸ் ஒன்லி'. நார்தர்ன் சோல் (வட இங்கிலாந்து கிளப்களில் சோல் பாட்டுக்கு ஆடும் மரபு) ஆட்டக்காரர்களை மனதில் வைத்துத் தொகுத்தது. அவ்வளவாகக் கேள்விப்படாத பாட்டுகள், அள்ளிக்கொண்டு போகும் தாளம். ஒரே தட்டில் 20 பாட்டு திணித்த டிவியில் விளம்பரம் செய்து விற்ற தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். இடம் போதாமல் பாட்டை வெட்டியிருப்பார்கள். ஒலியும் சன்னமாக இருக்கும்.